வரிசைக்குள் ஒரு கோட்டை

2019 ஜூன் 13 அன்று, அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில், யுனிவர்சல் நிறுவனத்தின் ‘ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்’ பூங்காவில் ஒரு புதிய ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்ரிட்டின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் காட்டுக்குள் பாய்வதாக அமைந்த ரைடு. முற்பகலிலேயே காத்திருப்பு 10 மணி நேரம் என்று அறிவித்துவிட்டார்கள். ரைடு ஓடுவதோ ஏறக்குறைய மூன்று நிமிடம்.

பத்து மணி நேரம் நின்று மூன்று நிமிடம் பறந்தவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவர்கள் எதற்குள் நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பழங்கோட்டையின் இடிபாடுகள், மாணவர்கள் சுவரில் விட்டுப்போன கிறுக்கல்கள், அடைகாக்கப்படும் டிராகன் முட்டை, ஹாக்ரிட்டின் பட்டறை என்று வரிசை போகிற வழியெல்லாம் செட் போட்டிருக்கிறார்கள். கூட்டத்தை மடக்கி நிறுத்த நாலு இரும்புக் கம்பி போதும். அதற்குப் பதில் இவ்வளவு செலவு.

இப்படிக் கதை சொல்லும் வரிசைகள் இன்று உலகின் பெரிய தீம் பார்க்குகளில் எல்லாம் உண்டு. ரைடைவிட வரிசையே மேல் என்று அடித்துச் சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். காசையும் வாங்கிக்கொண்டு, நிற்கவும் வைத்து, அதை மறைக்கப் பொம்மை காட்டுகிறார்கள் என்று எரிச்சல்படுபவர்களும் இருக்கிறார்கள். யார் சொல்வது சரி என்பது, எந்த வரிசை, அன்றைக்கு எவ்வளவு கூட்டம் என்பதைப் பொறுத்தது. கூட்டத்தின் அளவுதான் இதில் முக்கால்வாசி விஷயம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆர்லாண்டோவைவிடத் தோதான ஊர் கிடையாது. 1971 அக்டோபரில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு இங்கே திறந்தது. 1990ல் யுனிவர்சல் வந்தது. 1999ல் ‘ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்’, 2025 மே 22ல் ‘எபிக் யுனிவர்ஸ்’ என்று அது வளர்ந்தது. இரண்டு நிறுவனங்களும் அரை மணி நேர கார் பயணத் தூரத்தில் எதிரெதிரே கடை விரித்திருக்கின்றன. பெரிய பூங்கா ஒன்றுக்கு ஒரு நாள் டிக்கெட் 100 டாலருக்கு மேல். கூட்டமான நாளில் காலை முதல் இரவு வரை சுற்றினாலும் பெரிய ரைடுகளில் ஏழெட்டில் ஏறினால் அதிகம். ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து நிமிடம். கணக்குப் போட்டால், நாள் முழுக்கச் செலவழித்து வாங்குவது அரை மணி நேர ரைடு. மீதியெல்லாம் நடை, சாப்பாடு, வரிசை. அதிலும் வரிசைதான் பெரும்பங்கு. ஆகவே வரிசை எப்படி இருக்கிறது என்பது, கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விதான்.

1955ல் கலிஃபோர்னியாவின் அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்த காலத்தில் வரிசை வெறும் வரிசைதான். அது மாறத் தொடங்கிய இடங்களில் ஒன்று, 1969 ஆகஸ்டில் அங்கே திறந்த ‘ஹாண்டட் மேன்ஷன்’ என்கிற பேய் மாளிகை. உள்ளே நுழைபவர்களை எண்கோண அறை ஒன்றில் நிறுத்திக் கதவைச் சாத்துவார்கள். சுவர்கள் மெல்ல நீளும். சுவரில் மாட்டிய படங்களும் கூடவே நீண்டு, அதுவரை மறைந்திருந்த கீழ்ப்பாதியில் விபரீதங்களைக் காட்டும். குழந்தைகள் வீறிடும். பயமுறுத்தச் செய்த வேலை என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த அறை ஒரு லிஃப்ட். ரைடு ஓடும் பெரிய கொட்டகை, பூங்காவைச் சுற்றிப் போகும் ரயில் பாதைக்கு அப்பால் இருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் கூட்டத்தைக் கடத்த வேண்டுமானால் முதலில் கீழே இறக்க வேண்டும். இறக்குவதை இறக்குவது போலத் தெரியாமல் செய்ய ஒரு பேய்க் கதை. ஃப்ளோரிடாவில் இதே மாளிகையைக் கட்டியபோது இறக்கும் அவசியம் இல்லை. ஆனாலும் அந்த அறையை விட மனம் வரவில்லை. அங்கே தரை இறங்குவதில்லை, கூரைதான் மேலே போகிறது.

அடுத்த பெரிய அடி 1987ல், டிஸ்னிலேண்டிலேயே. ‘ஸ்டார் டூர்ஸ்’ ரைடுக்கு வந்தவர்கள் ஒரு விண்வெளி விமான நிலையத்துக்குள் நுழைந்தார்கள். அறிவிப்புகள், பழுது பார்க்கப்படும் விண்கலம், அதன் பக்கத்தில் ஸ்டார் வார்ஸ் படத்து இரண்டு ரோபோக்களின் வாக்குவாதம். பயணியாக நிற்பதே நடிப்பில் சேர்ந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரிசையில் பேசிக்கொண்டே வேலை செய்யும் வேறு இரண்டு ரோபோக்கள், பூங்காவின் பழைய பாட்டு நிகழ்ச்சியொன்றில் பாடிக்கொண்டிருந்த வாத்துப் பொம்மைகள். இறகை உரித்துவிட்டு, உள்ளே இருந்த இயந்திரத்தை அப்படியே ரோபோவாக நிறுத்திவிட்டார்கள். உற்றுப் பார்த்தால் வாத்தின் சவ்வுக் கால் தெரியும்.

ஆனால் வரிசைக் கலையின் பாடப்புத்தகம் என்றால் அது 1995 மார்ச்சில் டிஸ்னிலேண்டில் திறந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அட்வென்ச்சர்’தான். வரிசையின் நீளம் ஏறக்குறைய அரை மைல். இங்கேயும் காரணம் இடநெருக்கடியே. ரைடுக்கான கட்டடத்தைப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, பழைய கார் நிறுத்துமிடத்தில்தான் கட்ட முடிந்தது. அங்கே போய்ச் சேர வருகிறவர்கள் நெடுந்தூரம் நடக்க வேண்டும். அந்த நடையைக் காடு, சிதைந்த கோயில், குகை, கண்ணிகள் வைத்த நடைபாதை என்று பிரித்துக் கட்டினார்கள். சுவர்களில் புரியாத எழுத்தில் எச்சரிக்கைகள் பொறித்திருக்கும். தொடக்க காலத்தில் விளம்பரதாரரான ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பெயரில் ஒரு சிறு அட்டை கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். ஓரிடத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் மூங்கிலை ஆட்டினால், கூரை சரிந்து விழுவது போன்ற சத்தம் வரும். கிணற்றுக்குள் தொங்கும் கயிற்றை இழுத்தால் உள்ளே இருந்து ஒருவர் குரல் கொடுப்பார். செய்திப்படம் ஓடும் அறையின் மூலையில், அந்த இடம் கார் நிறுத்துமிடமாக இருந்த காலத்து, வின்னி த பூ கதையின் ஈயோர் கழுதைப் படம் போட்ட பலகை ஒன்றையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் மட்டும் தேடிப் பார்ப்பார்கள்.

இதைக் கட்டியவர்களுக்குக் கைகொடுத்த ஒரு விஷயத்தை 1985லேயே டேவிட் மைஸ்டர் என்பவர் எழுதிவைத்தார். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடம் நடத்தியவர். காத்திருப்பின் உளவியல் பற்றிய அவருடைய கட்டுரை சிறியது, ஆனால் இன்றும் வங்கி முதல் ஆஸ்பத்திரி வரை எல்லோரும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சும்மா நிற்கும் நேரம், ஏதாவது வேலையோடு நிற்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. வேலை இன்னும் தொடங்கவில்லை என்ற நினைப்போடு காத்திருப்பது, தொடங்கிவிட்டது என்ற நினைப்போடு காத்திருப்பதைவிடக் கடினம் என்றும் அவர் சொன்னார். தீம் பார்க்குக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவதைத்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து பி.பி. பார்த்துவிட்டுப் போனதும் டாக்டரே பார்த்துவிட்டது போல ஓர் ஆறுதல் வருமே, அதுதான். வாசலில் ஒரு குரல் கதையைத் தொடங்கிவிட்டால், பிறகு வரும் 40 நிமிடமும் ரைடின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளும். அதற்காகத்தான் வாசலில் நிமிடக் கணக்கு காட்டும் பலகை. டிஸ்னியில் அவ்வப்போது வரிசையில் நுழையும் ஒருவர் கழுத்தில் சிவப்பு அட்டையை மாட்டி அனுப்புவார்கள். ரைடில் ஏறுமிடத்தில் அவர் அதைக் கொடுத்ததும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்காகிவிடும். பலகை காட்டும் நேரம் பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 60 நிமிடம் என்று நுழைந்தவர் 45 நிமிடத்தில் ஏறினால், முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்களே என்று யாரும் கோபப்படுவதில்லை. கால் மணி நேரம் லாபம் என்று சந்தோஷப்படுகிறார்கள்.

2010 ஜூனில் ஆர்லாண்டோவில் திறந்த ‘ஹாரி பாட்டர் அண்ட் த ஃபார்பிடன் ஜர்னி’ இந்தக் கலையை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. குன்றின் மேல், கதையில் மந்திரப் பள்ளியாக வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டை. ரைடு அதன் உள்ளே. வரிசை கோட்டையின் அறைகள் வழியாகப் போகிறது. பேசும் ஓவியங்கள் மாட்டிய கூடத்தில் பள்ளியின் நான்கு நிறுவனர்களும் சட்டத்துக்குச் சட்டம் தாண்டி வாய்ச்சண்டை போடுகிறார்கள். தலைமையாசிரியர் டம்பிள்டோரின் அலுவலகத்தில் அவரே மாடத்தில் வந்து பேசுகிறார். வகுப்பறையில் ஹாரி, ரான், ஹெர்மயனி மூவரும் மாய அங்கியை விலக்கிக்கொண்டு தோன்றி, வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வரும்படி கூப்பிடுகிறார்கள். படத்தில் நடித்தவர்களையே வைத்து எடுத்த காட்சிகள் இவை. கடைசியில் தொப்பி ஒன்று பாதுகாப்பு விதிகளைச் சொல்கிறது. அலுப்பான அறிவிப்பைக்கூடப் பாத்திரத்தின் வாயில் போட்டுவிட்டார்கள்.

இங்கே வரிசை, ரைடால் செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்கிறது. ரைடில் இயந்திரக் கை ஒன்று இருக்கையோடு தூக்கிச் சுழற்றுகிறது. டிராகன் வருகிறது, சிலந்தி துப்புகிறது, எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது. கோட்டை எப்படி இருக்கும் என்று நின்று பார்க்க அதில் அவகாசமே கிடையாது. புத்தகம் படித்து வளர்ந்தவர்களுக்கு வேண்டியதோ அந்த அவகாசம்தான். இதை யுனிவர்சலும் புரிந்துகொண்டது. தொடக்க ஆண்டுகளில், ரைடில் ஏற விரும்பாதவர்கள் கோட்டையை மட்டும் சுற்றிப் பார்க்கத் தனி வழி விட்டார்கள். ஜப்பானின் ஒசாகாவில் 2014ல் இதே கோட்டையைக் கட்டியபோது, கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் நடையையே தனி நிகழ்ச்சியாக அறிவித்தார்கள். வரிசையாகக் கட்டியது தன் காலில் நிற்கக்கூடிய காட்சிசாலை ஆகிவிட்டது. கதை தெரியாத தாத்தா பாட்டிகூட ஏமாற்றமடைய மாட்டார்கள். தலைசுற்றலுக்குப் பயந்து ரைடைத் தவிர்ப்பவர்களும் உள்ளே போகலாம். ஏறுமிடத்தில் சொன்னால் வெளியே விட்டுவிடுவார்கள்.

அப்படியானால் ஏன் தயக்கம்? கூட்டம்தான்.

ஹாக்வார்ட்ஸ் போன்ற வரிசையின் உள்ளறைகளுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. பலகை இரண்டு மணி நேரம் காட்டும் நாளில், அந்த இரண்டு மணி நேரமும் டம்பிள்டோர் அறையில் கழியாது. பெரும்பகுதி வெளியே, கம்பி கட்டி மடக்கிய முற்றத்தில், ஃப்ளோரிடாவின் ஈரப்பதமான வெக்கையில் போகும். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை; முன்னால் நிற்பவரின் முதுகுதான். ஆனால் கூட்டமே இல்லாத நாளில், உதாரணமாகப் பள்ளி நடக்கும் காலத்து வார நாள் இரவில், பத்து நிமிடத்தில் ஏறிவிடலாம். நிம்மதிதான். ஆனால் பின்னால் வருகிறவர்கள் விறுவிறுவென்று நடப்பார்கள். ஓவியம் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அடுத்த அறை வந்துவிடும். வேலை செய்கிறவரும் சீக்கிரம் நகரும்படி கையசைப்பார். ஆக, இந்த வரிசைகள் நன்றாக இருப்பது நடுத்தரக் கூட்டத்தில், பலகை 30 முதல் 50 நிமிடம் காட்டும்போது. ஒவ்வோர் அறையிலும் சில நிமிடம் நிற்க நேரும். சுற்றிப் பார்த்து முடிப்பதற்கும் வரிசை நகர்வதற்கும் சரியாக இருக்கும். கட்டியவர்கள் மனத்தில் வைத்த வேகம் அதுதான் என்று தோன்றுகிறது.

கூட்டத்தை அடைத்து வைத்து வேளாவேளைக்கு நகர்த்தும் வித்தையை நம் பக்கத்து மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. திருப்பதியின் வைகுண்டம் கியூ வளாகத்தில் கம்பார்ட்மென்ட் கம்பார்ட்மென்டாக உட்கார்ந்து, பாலும் சாப்பாடும் வாங்கி, கோவிந்தா கோஷத்தோடு கதவு திறக்கக் காத்திருந்தவர்களுக்கு ஆர்லாண்டோ வரிசையின் எலும்புக்கூடு உடனே பிடிபட்டுவிடும். என்ன, அங்கே உட்கார இடம் உண்டு. ஆர்லாண்டோவில் பெரும்பாலும் கிடையாது.

டிஸ்னியின் ‘அனிமல் கிங்டம்’ பூங்காவில் 2006 ஏப்ரலில் திறந்த ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’ இந்தியப் பயணிகள் கட்டாயம் பார்க்க வேண்டிய வரிசை. அதற்கு இரண்டு காரணம். ஒன்று பெருமை, மற்றொன்று எரிச்சல். பூங்காவின் ஆசியப் பகுதிக்கு ஆனந்தபூர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த நாடு என்று சொல்லாத ஒரு கற்பனை ராஜ்ஜியம். அதன் விளிம்பில் 199 அடி உயரத்தில் பனிமலை. ஓர் அடி கூடினால் விமானங்களுக்காகச் சிவப்பு விளக்கு வைக்க வேண்டியிருக்கும்; பனிமலை உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கதை கெட்டுவிடும் என்று அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கதை இது: ஒரு காலத்தில் தேயிலை ஏற்றிப்போன ரயில் பாதை. அதை இப்போது சுற்றுலாக்காரர்கள் வாங்கி, மலையேற வருகிறவர்களை அடிவாரம் வரை கூட்டிப்போகிறார்கள். வரிசை முதலில் அவர்களுடைய புக்கிங் ஆபீஸுக்குள் நுழைகிறது. பர்மிட் படிவங்கள், வரைபடங்கள், பழைய டீ கெட்டில். பிறகு எட்டி என்கிற பனிமனிதனுக்கு ஒரு கோயில். பிறகு மலையேறிகளுக்குச் சாமான் விற்கும் கடை. கடைசியாக ஒரு பழைய தேயிலைக் கிடங்கில் எட்டி அருங்காட்சியகம்: கால்தடத்தின் அச்சு, சிதைந்த கூடாரம், ஷெர்ப்பா மக்களின் நம்பிக்கைகள் பற்றிய குறிப்புகள். வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய ஜோ ரோடி இமயமலைப் பகுதிக்கே பயணம் போய் வந்தவர். ஆசியாவிலிருந்து வரவழைத்த கைவினைப் பொருள்கள் மட்டும் 2,000 அளவில் இந்தக் கிராமத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். துருப்பிடித்த பூட்டும் சாயம் போன கொடியும் அச்சு அசலாக இருக்கின்றன. நேபாளத்துக்கோ சிக்கிமுக்கோ போய் வந்தவர்கள் குறை கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டும்.

எரிச்சல் ரைடின் முடிவில் வருகிறது. அரை மணி நேரம் எட்டியைப் பற்றியே சொல்லிச் சொல்லி, கோயில் கட்டிக் கும்பிட வைத்து, அருங்காட்சியகத்தில் பயத்தை ஏற்றி அனுப்புகிறார்கள் அல்லவா? அந்த எட்டி சுமார் 25 அடி உயர இயந்திரப் பொம்மை. பாய்ந்து வந்து பயணிகளைப் பிடிக்கக் கை நீட்ட வேண்டும். திறந்து சில மாதங்களிலேயே அதன் அசைவு நின்றுபோனது. அதன்பின் ஆண்டுக்கணக்காக, மின்னி மின்னி அணையும் விளக்கொளியில் அசைவது போன்ற பிரமையை ஏற்படுத்தி ஒப்பேற்றினார்கள். ரசிகர்கள் அதற்கு ‘டிஸ்கோ எட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வரிசை கொடுத்த வாக்கை ரைடால் காப்பாற்ற முடியவில்லை. வரிசையை நன்றாகக் கட்டுவதில் இப்படியும் ஓர் ஆபத்து இருக்கிறது. எட்டியைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் ஏற்றியிருந்தால் அதுவும் நல்ல கோஸ்டர்தான். தண்டவாளம் பிய்ந்து கிடக்கும் இடத்தில் நின்று, இருட்டுக்குள் பின்னோக்கிச் சரியும் அந்த இடம் போதும், காசு சரியாகிவிடும்.

எவரெஸ்டில் தனியாக வருகிறவர்களுக்கு ‘சிங்கிள் ரைடர்’ என்று ஒரு குறுக்கு வழி உண்டு. வேகமாக ஏறிவிடலாம். ஆனால் கோயிலும் கிடையாது, அருங்காட்சியகமும் கிடையாது. முதல் தடவை போகிறவர்கள் அந்த வழியில் போகாதிருப்பது நல்லது. இரண்டாம் தடவை போகிறவர்களுக்கு அதுதான் சரி.

ஆர்லாண்டோவை விட்டு ஒரு நிமிடம் விலகி, தோக்கியோ பக்கம் எட்டிப் பார்க்கலாம். தோக்கியோ டிஸ்னிசீ பூங்காவில் 2006 செப்டம்பரில் திறந்த ‘டவர் ஆஃப் டெரர்’, மேலிருந்து கீழே விழும் லிஃப்ட் ரைடு. அதன் வரிசை ஒரு ஹோட்டல். ஹாரிசன் ஹைடவர் என்ற நியூயார்க் கோடீஸ்வரர் உலகெங்கும் போய்ப் புனிதப் பொருள்களை அடித்துக்கொண்டு வந்து அங்கே குவித்திருக்கிறார். 1899ன் கடைசி இரவில், காங்கோவிலிருந்து எடுத்துவந்த சிலையோடு லிஃப்டில் ஏறியவர் காணாமல் போய்விட்டார் என்பது கதை. கூடத்துச் சுவர்களில் அவருடைய ‘வீரச் செயல்கள்’ ஓவியங்களாக இருக்கின்றன. உற்றுப் பார்த்தால், பெரும்பாலான படங்களில் அவர் சாமான்களோடு ஓடிக்கொண்டிருக்கிறார்; ஊர்க்காரர்கள் துரத்துகிறார்கள். கடைசியில் படிப்பறையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிறு சிலை சிரித்துவிட்டு மறைந்துபோகிறது. எப்படி என்று தெரியாமல் கூட்டம் வாய்பிளக்கும். சிலைத் திருட்டு பற்றி நாளிதழில் படித்துப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு, திருடியவனைச் சிலையே பழிவாங்கும் இந்தக் கதை தனியாக ருசிக்கும். லிஃப்ட் விழுவது வேறு எந்தப் பூங்காவிலும் கிடைக்கும். இந்த வரிசை கிடைக்காது.

எல்லாமே இப்படி அமைந்துவிடுவதில்லை. கதை சொல்கிறேன் என்று நாலு டிவி பெட்டியை மாட்டி, இரண்டு நிமிட வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட விடும் வரிசைகள் ஏராளம். முதல் சுற்றில் பார்ப்பார்கள், இரண்டாவதில் சிரிப்பார்கள், ஐந்தாவதில் காதைப் பொத்திக்கொள்வார்கள். சும்மா விட்டிருந்தால் பக்கத்தில் நிற்பவரோடு பேசவாவது முடிந்திருக்கும். தொட்டு விளையாடும் சாதனங்களை வைத்த வரிசைகளில் வேறு தொல்லை: பிள்ளை விளையாட்டை விட்டு வர மறுக்கும், வரிசை முன்னே போய்விடும், பின்னால் இருப்பவர் முணுமுணுப்பார். இதற்கு நல்ல தீர்வு 2012ல் டிஸ்னி வேர்ல்டின் ‘டம்போ’ யானை ரைடில் வந்தது. குடும்பத்துக்கு ஒரு பேஜரைக் கொடுத்து, ஏசி போட்ட சர்க்கஸ் கூடாரத்துக்குள் குழந்தைகளை விளையாட விட்டார்கள். முறை வந்ததும் பேஜர் அழைக்கும். பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள்! எந்த மாயக்கோட்டையையும்விட அந்தப் பெஞ்சுகளை வாழ்த்திய தாய்மார்கள் அதிகமாக இருந்திருப்பார்கள்.

இந்த விஷயத்தின் பெரிய கோணல் காசில் இருக்கிறது. 1999ல் டிஸ்னி ‘ஃபாஸ்ட்பாஸ்’ கொண்டுவந்தபோது அது இலவசம். 2021ல் அதன் இடத்துக்குக் கட்டண வழி வந்தது. யுனிவர்சலில் எக்ஸ்பிரஸ் பாஸ். கூடுதலாகக் காசு கொடுத்தவர்கள் வேறு வாசலில் நுழைந்து சீக்கிரம் ஏறுகிறார்கள். ஆனால் பல ரைடுகளில் அந்த வாசல், பார்த்துப் பார்த்துக் கட்டிய அறைகளைத் தொடுவதே இல்லை. 2017ல் அனிமல் கிங்டமில் திறந்த ‘அவதார் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ்’ இதற்குச் சரியான சான்று. சாதாரண வரிசையில் போகிறவர்கள் குகை ஓவியங்களையும், இருட்டில் ஒளிரும் தாவரங்களையும் கடந்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் மிதக்கும் அவதார் உடலைப் பார்க்கிறார்கள். அது உறக்கத்தில் கைவிரலை அசைக்கிறது. காசு கொடுத்து வேகவழியில் போனவர்களுக்கு அந்தத் தொட்டி இல்லை. கூடுதல் காசுக்குக் குறைவான காட்சி. அதே நேரம், கூட்டமான நாளில் சாதாரண வரிசை மூன்று மணி நேரத்தைத் தொடும் ரைடு இது. மிதக்கும் உடல் எவ்வளவு அழகானாலும் அதற்கு மூன்று மணி நேரம் அதிகம்.

வரிசையே வேண்டாம், போனில் முறை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற யோசனையும் வந்தது. 2017ல் யுனிவர்சல், தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் பெயரில் திறந்த ரைடில் வரிசையை எடுத்துவிட்டு, நேரக் கணக்கில் ஆட்களை ஒரு சோபாக் கூடத்தில் உட்கார வைத்தது. நேரில் பாடகர்கள் வந்து பாடினார்கள். பாட்டு நன்றாக இருந்தது, ரைடு சுமார்தான். 2019 டிசம்பரில் டிஸ்னியின் ஸ்டார் வார்ஸ் ரைடான ‘ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ்’ திறந்தபோது, ஏறும் குழு எண்ணைப் போனில் பிடிக்க வேண்டியிருந்தது. காலையில் சில நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. நம் ஊரில் தட்கல் டிக்கெட் எடுத்த விரல்களுக்கு மட்டும் கைவரும் வேலை. ஆனால் அந்த ரைடில் கவனிக்க வேண்டியது வேறு. குகையில் காத்திருப்பு, பிறகு நின்றபடி ஒரு விண்கலப் பயணம், எதிரிகளிடம் சிறைபட்டு அவர்களுடைய கப்பலில் இறக்கம், எதிரே அணிவகுத்து நிற்கும் 50 படைவீரர்கள், விசாரணை அறை, அதற்குப் பிறகுதான் வண்டியில் ஏற்றம். வரிசை எங்கே முடிந்தது, ரைடு எங்கே தொடங்கியது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. 1969ன் நீளும் அறை வளர்ந்து இங்கே வந்து நிற்கிறது.

2025ல் திறந்த எபிக் யுனிவர்ஸில், ஹாரி பாட்டர் கதையின் மந்திரவாத அமைச்சகத்தையே கட்டியிருக்கிறார்கள். 1920களின் பாரிஸ் தெருவிலிருந்து கணப்பு வழியாக 1990களின் லண்டனுக்குப் போவதாகக் கதை. வரிசை அங்கே பல மாடி உயரக் கூடம் ஒன்றுக்குள் திறக்கிறது. ரைடைப் பற்றிப் பேசுவதைவிட அந்தக் கூடத்தின் போட்டோவைக் காட்டுபவர்களே அதிகம்.

ஆர்லாண்டோ போகிற குடும்பம் என்ன செய்யலாம்? ஹாக்வார்ட்ஸ், எவரெஸ்ட், அமைச்சகம், அவதார் நான்கிலும் முதல் தடவை சாதாரண வரிசையில் போவதுதான் சரி. வேகவழிக்குக் காசு கட்டுவதாக இருந்தால், வெறும் கம்பி கட்டிய வரிசைகளுக்குக் கட்டலாம். பூங்கா திறந்ததும் எல்லோரும் பெரிய ரைடுக்கு ஓடுவார்கள். அந்த நேரத்தில் அலங்காரமில்லாத கோஸ்டர்களை முடித்துவிட்டு, கதை வரிசைகளைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் அடிக்கடி இடியும் மழையும் வரும். மின்னல் வெட்டினால் திறந்தவெளி கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள். கோட்டைக்குள் நிற்பவர்களுக்கு மழை தெரியாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அரை மைல் வரிசையில் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். பூங்காக்களில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் ரைடின் வாசலில் ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று கேட்டால், ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மற்றவர் ஏறிவரலாம். பிறகு இரண்டாமவர் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பலகை 50 நிமிடத்துக்குள் காட்டினால் யோசிக்காமல் நுழையுங்கள், போனைப் பைக்குள் வைத்துவிட்டுச் சுவர்களைப் பாருங்கள். 90 நிமிடத்தைத் தாண்டினால், உள்ளே எந்த மாயக்கோட்டை இருந்தாலும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் வாருங்கள்.